ஓய்வுபெற்ற துப்பறிவாளர்களுக்குக் கைகொடுப்பது எது?

வயதான துப்பறிவாளர் ஒருவர் ஓய்வுக்குப் பின் மீண்டும் அழைக்கப்பட்டு, துப்புத் துலங்காத கொலைவழக்கை முடித்துவைக்கும் கதை திரையிலும் நாவலிலும் சலிக்காமல் வந்துகொண்டே இருக்கிறது. அவற்றில் பெரும்பாலும் பெரியவரின் மூளை மட்டும் கூர்மையாகவும், பணியிலிருக்கும் இளையவர்கள் அனைவரும் மந்தமாகவும் காட்டப்படுவதை என்னால் ஏற்க முடியவில்லை. நடைமுறையில் முதியவர்களுக்குக் கைகொடுப்பது அவர்களிடமுள்ள அவகாசம்தான் என்பது என் எண்ணம். அதற்கு அமெரிக்காவின் கொலராடோ ஸ்பிரிங்ஸில் நடந்ததைவிடப் பொருத்தமான சான்று எனக்குத் தெரிந்து இல்லை.

அந்நகருக்கு அருகே, 1991 செப்டம்பரில், ஹெதர் சர்ச் என்ற 13 வயதுச் சிறுமி வீட்டிலிருந்து காணாமல் போனாள். இரண்டாண்டுகள் கழித்து அவளுடைய மண்டையோடு மலைப்பகுதியில் கிடைத்தது. 1995இல் இவ்வழக்கைக் கையிலெடுத்த துப்பறிவாளர் லூ ஸ்மிட், ஜன்னலில் பதிந்திருந்த கைரேகையை வெளிமாநிலங்களின் பதிவுகளோடும் ஒப்பிடச் செய்தார். லூசியானாவின் பதிவு ஒன்று பொருந்தவே, சிறுமியின் வீட்டுக்கு அருகில் வசித்துவந்த ராபர்ட் சார்ல்ஸ் பிரவுன் பிடிபட்டு ஆயுள் தண்டனை பெற்றான். 2000இல் அவன் சிறையிலிருந்து அதிகாரிகளுக்கு ஒரு கடிதம் எழுதினான். ஏதோ பந்தயத்தின் கணக்கைச் சொல்வதுபோல், உங்களுக்கு 1, எதிரணிக்கு 48 என்று அதில் குறிப்பிட்டிருந்தான். நீங்கள் கண்டுபிடித்தது ஒரு கொலைதான், தெரியாதவை 48 என்பது அதன் பொருள். ஆயினும் அந்த விஷயம் அப்போது தொடரப்படாமல் நின்றுபோனது.

அதை 2002இல் மீண்டும் எடுத்துத் தொடர்ந்தவர் சார்லி ஹெஸ். எஃப்பிஐயிலும் சிஐஏவிலும் பணியாற்றி ஓய்வுபெற்று, எழுபதைக் கடந்திருந்த அவர், லூ ஸ்மிட்டோடும் ஸ்காட் ஃபிஷர் என்ற ஓய்வுபெற்ற பத்திரிகை வெளியீட்டாளரோடும் சேர்ந்து, ஷெரிஃப் எனப்படும் மாவட்டக் காவல் தலைவரின் அலுவலகத்தில் ஊதியமின்றிப் பழைய வழக்குக் கட்டுகளைப் படித்துக்கொண்டிருந்தார். ‘ஆப்பிள் டம்ப்ளிங் கும்பல்’ என்று அவர்களுக்கு ஒரு பட்டப்பெயரும் உண்டு.

ஹெஸ் பிரவுனுக்கு விசாரணை அதிகாரியைப் போல எழுதவில்லை. நட்போடு, பொறுமையாக, அவன் போக்கிலேயே விட்டு எழுதினார். பதிலுக்கு அவன் மருத்துவப் பரிசோதனை போன்ற சலுகைகளைக் கேட்டான். இப்படிக் கடிதப் போக்குவரத்திலேயே இரண்டாண்டுகள் கழிந்து, 2004இல்தான் இருவரும் நேரில் சந்தித்தார்கள். தினமும் புது வழக்கு வந்து விழும் மேசையில் அமர்ந்திருக்கும் ஓர் அதிகாரி, என்ன பலன் கிடைக்கும் என்று தெரியாத கடிதங்களுக்காக இத்தனை காலம் செலவிட்டால், மேலதிகாரி ஒரு மாதத்திலேயே கணக்குக் கேட்டிருப்பார். பதவி உயர்வையோ மாறுதல் உத்தரவையோ எதிர்பார்த்திராத ஹெஸ்ஸிடம் அப்படிக் கேட்பார் யாருமில்லை.

1987இல் காணாமல் போன 15 வயது இளம் தாயைக் கொன்றதாக, 2006இல் பிரவுன் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டான். அப்பெண்ணின் உடல் கிடைக்கவே இல்லை. அவள் மறைந்தபோது ஊரிலேயே இல்லாத கணவர்மீதுதான் அத்தனை ஆண்டுகளும் சந்தேகம் படிந்திருந்தது. பிரவுன் சொன்ன 48 என்ற எண்ணைப் பரபரப்பாகப் பேசுகிறவர்கள் இந்த மனிதரை மறந்துவிடுகிறார்கள். எண்ணைப் பற்றி எனக்குப் பெரிய நம்பிக்கையும் இல்லை. அதில் பெரும்பகுதி உறுதிப்படுத்தப்படவில்லை. ஆயுள் கைதிக்குத் தன் கணக்கை ஊதிப் பெருக்குவதில் இழப்பதற்கு ஒன்றுமில்லை. அந்தக் கணவரின் தலைமீது இருந்த பழி நீங்கியது என்பதோ கையில் தொட்டுக்காட்டக்கூடிய பலன்.

முதியவர்களின் விடாப்பிடிக்கு மறுபக்கமும் உண்டு. இதே லூ ஸ்மிட், 1997இல் ஓய்விலிருந்து அழைக்கப்பட்டு, போல்டர் நகரில் ஜான்பெனே ராம்சே என்ற ஆறு வயதுச் சிறுமி கொல்லப்பட்ட வழக்கின் விசாரணையில் சேர்ந்தார். காவல்துறையின் சந்தேகம் பெற்றோரைச் சுற்றி வர, வெளியாள்தான் கொலையாளி என்று அவர் உறுதியாக நம்பி, 1998இல் பதவி விலகினார். 2010இல் இறக்கும்வரை அவ்வழக்கைச் சொந்தமாகத் தொடர்ந்தார். அவர் சொன்னது சரியாகவே இருக்கலாம். ஆனால் கேள்வி கேட்க மேலதிகாரி இல்லாத நிலை, ஹெஸ்ஸுக்குப் பொறுமையைக் கொடுத்ததுபோலவே, இன்னொருவரை ஒரே முடிவில் கட்டிப்போடவும் கூடும். கொலராடோ ஸ்பிரிங்ஸில் ஜெஃப் நோர் என்ற பணியிலிருந்த அதிகாரி உடன் இருந்தது, அந்த வகையில் நல்ல ஏற்பாடு.

ஹெஸ் ஊதியம் வாங்காமல் உழைத்ததைச் செய்திகளில் பெருமையாக எழுதினார்கள். அவருடைய சேவையை நான் மதிக்கிறேன். ஆனால் காவல்துறைக்கு அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. பழைய கொலைகளைப் படிக்க ஒருவரைச் சம்பளத்தோடு உட்காரவைக்க நிதி ஒதுக்காத இடத்தில், ஓய்வூதியமும் உடல்நலமும் ஆர்வமும் ஒருசேர வாய்த்த ஒரு முதியவர் அந்த ஊரில் குடியிருந்தால் மட்டுமே வழக்கு நகரும்.