எங்கே போயிருந்தாய் என்று கேட்காதீர்கள்

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நடந்த கூட்டத்தைப் பற்றி எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். ஆனால் என்னைப் பற்றிய அந்த வாய்ஸ் மெசேஜ் ஒவ்வொரு குரூப்பாகச் சுற்றி கடைசியில் எனக்கே வந்து சேர்ந்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. "இத்தனை வருஷம் எங்க போயிருந்தாங்க? இப்ப மட்டும் இளைஞர்கள் மேல பாசம் பொத்துக்கிட்டு வருதா?" பேசியவர் யார் என்று எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். பெயர் வேண்டாம்.

நான் என்ன கேட்டுவிட்டேன்? நம் கத்தோலிக்கக் கோயில் பங்கின் இளைஞர் இயக்கத்தில் மறுபடியும் உதவலாமா என்று யோசிக்கிறேன். ஃபாதரிடமும் சிஸ்டரிடமும் பேசினேன். அவ்வளவுதான். பதவி கேட்கவில்லை, மைக் கேட்கவில்லை. இன்னும் முடிவுகூட எடுக்கவில்லை. அதற்குள் இவ்வளவு பேச்சு.

ஒன்றே ஒன்றுதான் சொல்ல வருகிறேன். கோயில் வேலைக்குத் திரும்பி வர நினைக்கிறவரிடம் எங்கே போயிருந்தாய் என்று கேட்காதீர்கள். வந்து பிள்ளைகளுக்கு என்ன செய்வாய் என்று கேளுங்கள். அந்தக் கேள்வியை எவ்வளவு கடுமையாகக் கேட்டாலும் பதில் சொல்கிறேன்.

நம் பிள்ளைகள் இன்று எப்படி இருக்கிறார்கள் என்று யாராவது பார்த்தீர்களா? 1997இல் சேலத்திலிருந்து பிரிந்த தருமபுரி மறைமாவட்டம் நம்முடையது. அஞ்செட்டி மலையிலிருந்து அரூர் வரைக்கும் பரவிக் கிடக்கிறது. எந்தப் பங்குக்குப் போனாலும் பாதிப் பையன்கள் ஓசூர் சிப்காட்டில் கான்ட்ராக்ட் வேலை, மீதிப் பேர் பெங்களூரில். ஷிப்டு முடிந்து கம்பெனி பஸ்ஸில் இறங்கி, சட்டைகூட மாற்றாமல் பூசைக்கு வந்து கடைசி வரிசையில் தூங்கி விழுகிற பையனைப் பார்த்திருக்கிறேன். அவனைப் பார்த்து "இந்தக் காலத்துப் பசங்களுக்குப் பக்தியே இல்ல" என்று சொன்னவரையும் பார்த்திருக்கிறேன். அந்தப் பையன் ராத்திரி முழுக்க நின்றுகொண்டே வேலை செய்தவன்.

2018இல் ரோமில் இளைஞர்களுக்காகவே ஆயர் மாமன்றம், அதாவது பல நாட்டு ஆயர்களின் கூட்டம், கூடியது. இளைஞர்களுக்குக் காது கொடுங்கள், கூடவே நடங்கள் என்பதுதான் அங்கே பேசப்பட்டது. 2021 முதல் மறைமாவட்ட அளவிலான இளையோர் நாளைக் கிறிஸ்து அரசர் பெருவிழா அன்று கொண்டாடச் சொல்லியிருக்கிறார்கள். அந்த நாளில் நம் பங்கில் இளைஞர்கள் என்ன செய்தார்கள்? பந்தல் கட்டினார்கள், நாற்காலி தூக்கினார்கள், சாப்பாடு பரிமாறினார்கள். ஒருவரிடமாவது "நீ எப்படிப்பா இருக்க?" என்று யாராவது கேட்டார்களா?

முன்பு இளைஞர் பொறுப்பில் இருந்தபோது நான் கேட்டிருக்கிறேன். அதனால்தான் இந்த வேலையின் மதிப்பு எனக்குத் தெரியும். ஒரு ஞாயிறு கூட்டம் முடிந்து எல்லாரும் போன பிறகு பிளஸ் டூ படிக்கிற பெண் ஒருத்தி நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டே இருந்தாள். அடுக்கி முடித்தும் போகவில்லை. துப்பட்டா நுனியை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தாள். "என்னம்மா?" என்றேன். "அக்கா, வீட்ல நாள் குறிக்கப் போறாங்க. நீங்க வந்து பேசுவீங்களா?" அவளுக்குப் பதினெட்டு ஆகவில்லை. சிஸ்டரும் நானும் அன்று சாயங்காலமே போனோம். அவள் அப்பா முதலில் எங்களை உட்காரவே சொல்லவில்லை. அம்மா மட்டும் உள்ளேயிருந்து டீ கொண்டுவந்து வைத்தார். ரொம்ப நேரம் பேசினோம். அந்தக் கல்யாணம் நின்றது. அவள் நர்சிங் படித்தாள்.

தருமபுரி, கிருஷ்ணகிரி என்ற நம் இரண்டு மாவட்டத்திலும் குழந்தைத் திருமணச் செய்தி வராத வருஷம் உண்டா? அந்தப் பெண் தன் வீட்டு விஷயத்தை பங்குப் பேரவையிடம் போய்ச் சொல்லியிருப்பாளா? ஒரு அக்கா தேவைப்பட்டாள். அவளிடம் சொன்னாள்.

சரி, எங்கே போயிருந்தேன் என்று இவ்வளவு ஆசையாகக் கேட்கிறீர்களே, சொல்கிறேன். நான் எங்கும் போகவில்லை. எனக்குக் கல்யாணமான அடுத்த வருஷம் பொறுப்பாளர் பட்டியலை நோட்டீஸ் போர்டில் ஒட்டினார்கள். அதில் என் பெயர் இல்லை. ஒருவரும் கூப்பிட்டுச் சொல்லவில்லை. கேட்டதற்கு, "கல்யாணமாயிடுச்சே, இனி மாதா சபையில சேர்ந்துக்கோம்மா" என்றார்கள். அதே வருஷம் கல்யாணமான அண்ணன் ஒருவர் அந்தப் பட்டியலில் இருந்தார். அவருக்குக் குழந்தை பிறந்த பிறகும் இருந்தார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை, நன்றாகத்தான் செய்தார். ஆனால் அவரிடம் யாரும் எங்கே போயிருந்தாய் என்று கேட்கவில்லை, ஏனென்றால் அவரை யாரும் அனுப்பவில்லை.

"உங்க காலம் வேற, இப்ப ரீல்ஸ் காலம்" என்பார்கள். ரீல்ஸ் பார்க்கிற பிள்ளைக்கும் அழுகை வரும். இதற்கு மேல் அதற்குப் பதில் தேவையில்லை.

"கைக்குழந்தை இருக்கு, பாதியில விட்டுட்டுப் போயிட்டா?" இது நியாயமான கேள்வி. பிள்ளைகள் ஒருவரை நம்பிப் பேச ஆரம்பிக்கும்போது அவர் காணாமல் போனால், அடுத்து வருகிறவரிடம் வாயே திறக்க மாட்டார்கள். அதனால்தான் நான் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். வாராவாரம் என்னால் முடியாது. மாதத்துக்கு இரண்டு ஞாயிறு முடியும். வீட்டுக்காரர் ஷிப்டு மாற்றிக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். தனியாளாக எடுத்துச் செய்யவும் மாட்டேன். எந்தக் கூட்டத்திலும் பெரியவர்கள் இரண்டு பேராவது இருக்க வேண்டும். சுற்றுலா, தியானம் என்று வெளியூர் கூட்டிப்போனால் பெற்றோர் கையெழுத்து வேண்டும். ராத்திரியில் பிள்ளைகளுக்குத் தனியாக மெசேஜ் அனுப்புகிற பழக்கம் யாருக்கும் இருக்கக் கூடாது. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கிற போக்சோ சட்டம் 2012இல் வந்தது. பதினெட்டு வயதுக்குக் கீழே இருக்கிற எல்லாரும் அதன்படி குழந்தைகள். ஒரு குழந்தைக்குத் தப்பு நடந்தது தெரிந்தும் போலீசுக்குச் சொல்லாமல் இருப்பதே குற்றம். 1098 என்ற குழந்தைகள் உதவி நம்பர் நம் மறைக்கல்வி அறைச் சுவரில் ஒட்டியிருக்கிறதா? போய்ப் பாருங்கள். இதையெல்லாம் ஃபாதரிடம் எழுதியே கொடுத்திருக்கிறேன். இதைப் பற்றி வாய்ஸ் மெசேஜில் ஒரு வார்த்தை உண்டா? இல்லை. எங்கே போயிருந்தேன் என்பதுதான் பெரிய விஷயம்.

"பேர் வாங்கத்தான் வராங்க" என்று ஒரு அக்காவும் சொன்னாராம். கேட்டதும் ரொம்ப வலித்தது. என் கல்யாணத்துக்கு மாலை கட்டிக் கொடுத்தவர் அவர். அவருக்குப் பதில் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

நம் பங்கில் இன்று இளைஞர்களுக்குப் பொறுப்பாக ஒரு பெண்கூட இல்லை. பெண் பிள்ளைகள் வருகிறார்கள், வாசகம் வாசிக்கிறார்கள், கோலம் போடுகிறார்கள், வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். நாற்காலி அடுக்கிவிட்டு நின்றுகொண்டிருக்கிற பெண் ஒருத்தி இப்போதும் அங்கே இருக்கலாம். அவள் யாரிடம் சொல்வாள்? என்னைப் பிடிக்கவில்லை என்றால் வேறு அக்கா ஒருவரைப் போடுங்கள். நான் ஒதுங்கிக்கொள்கிறேன், சத்தியமாக மனக்கசப்பு இல்லாமல் ஒதுங்கிக்கொள்கிறேன். ஆனால் ஆண்களாகவே நிரப்பிய பட்டியலை இன்னொரு வருஷம் அந்த போர்டில் ஒட்டாதீர்கள்.

அடுத்த பேரவைக் கூட்டத்துக்கு நானே வருகிறேன் என்று ஃபாதரிடம் சொல்லிவிட்டேன். கேட்க வேண்டியதை அங்கே, எல்லார் முன்னாலும் கேளுங்கள். கமெண்டில் ஃபாதரை இழுக்காதீர்கள், அவர் மாறுதலாகி வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது, இந்தப் பழைய கதையில் அவருக்குச் சம்பந்தமில்லை. அந்த வாய்ஸ் மெசேஜையும் இங்கே போடாதீர்கள், போட்டால் அழித்துவிடுவேன்.