‘ஒன்பதாம் அலை’ ஓவியத்துக்குப் பின்னால் விளக்கு எதுவும் இல்லை

கடல் ஓவியர் இவான் ஐவசோவ்ஸ்கி புயலில் சிக்கிய கப்பலில் நின்றபடியே ‘ஒன்பதாம் அலை’யை வரைந்தார், அதன் ஒளிக்காக ஓவியத் துணிக்குப் பின்னால் விளக்கு வைத்தார், அந்த ரகசியத்தை எவருக்கும் கற்பிக்காமலே இறந்தார் என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றி வருகிறது. மூன்றுமே தவறு.

1850இல் வரையப்பட்ட அந்த ஓவியம், செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கின் ரஷ்ய அருங்காட்சியகத்தில் இருக்கும், 221 செ.மீ. உயரமும் 332 செ.மீ. அகலமும் கொண்ட சாதாரண எண்ணெய் வண்ண ஓவியம்தான். விளக்கு வதந்தி அவர் காலத்திலேயே உலவியது என்பார்கள். அவர் திறமைக்கு அதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது. உண்மையில், அலையின் மெலிந்த முகட்டில் ஒளி ஊடுருவுவதுபோல் தோன்றுவது, மெல்லிய வண்ணப் பூச்சுகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் படியவிட்டதன் விளைவு. அசையும் கடலை நேரில் பார்த்து வரைய இயலாது என்று கருதிய அவர், பார்த்ததை மனத்தில் இருத்தி, ஓவியக்கூடத்தில்தான் வரைந்தார்.

ரகசியம் காத்தார் என்பதும் பொருந்தாது: பிறந்த ஊரான கிரிமியாவின் பியோதோசியாவில் 1865இல் ஓவியப் பள்ளி தொடங்கி மாணவர்களுக்குக் கற்பித்தவர் அவர்.

ஓவியத்தின் விவரங்களை அருங்காட்சியகத்தின் இணையதளத்தில் சரிபார்க்கலாம். இச்செய்தி உங்களுக்கு வந்தால், தயவுசெய்து மற்றவர்களுக்கு அனுப்பாதீர்கள்.