பஞ்சில் கால்தடம் விழாது

டிவியில் வந்த ஒரு கிறிஸ்மஸ் காதல் படத்தை அரைகுறையாக எடுத்திருக்கிறார்கள் என்று நேற்று திட்டி எழுதியிருந்தேன். அந்தப் பதிவுக்கு வந்த கமெண்டுகளில் பாதி ஒரே ரகம்: "டிவி கிறிஸ்மஸ் படத்துல போய் என்ன லாஜிக் தேடுறீங்க?" எந்தப் படம் என்று மறுபடி எழுதப்போவதில்லை. பார்த்து நொந்தவர்களுக்குத் தெரியும். பார்க்காதவர்கள் புண்ணியவான்கள்.

நான் லாஜிக் கேட்கவில்லை. திரும்பவும் சொல்கிறேன், கேட்கவில்லை. பெருநகரத்தில் வேலை வேலை என்று ஓடும் பெண் டிசம்பரில் சொந்த ஊருக்கு வருவாள். அங்கே கிறிஸ்மஸ் மரப் பண்ணை வைத்திருக்கும் கட்டம் போட்ட சட்டைக்காரன். மூடப்போகிற ஒரு பேக்கரி. கடைசியில் ஒரு முத்தம், உடனே பனி கொட்டும். எல்லாம் தெரிந்துதான் உட்கார்ந்தோம். ரசம் வைக்கிற முறை ஊருக்கே தெரியும். அதற்காகப் புளியைக் கரைக்காமல் அப்படியே போட்டு வைத்தால் குடிப்பீர்களா?

"பாவம், பட்ஜெட் இல்லை" என்கிறார் ஒருவர். சரி, அதையே பேசுவோம். இந்த வகைப் படங்களில் ஏராளமானவை கனடாவில்தான் எடுக்கப்படுகின்றன. வரிச்சலுகை உண்டு. ஏறத்தாழ 15 நாளில் படப்பிடிப்பு முடிந்துவிடும். பல படங்கள் நல்ல கோடையில். அதனால் பனி பொய்தான், யார் இல்லை என்றது? பொய்க்கும் ஒரு முறை இருக்கிறது. தூரத்துப் புல்வெளிக்கு வெள்ளைப் பஞ்சு விரிப்பு. மேலிருந்து விழுவதற்கு நுரை. நடிகர் நடக்கிற இடத்துக்கு மட்டும் அரைத்த ஐஸ், ஏனென்றால் அதில்தான் கால் புதையும், தடம் விழும். நேற்று நாயகி நடந்ததே பஞ்சு மேல்! காலை எடுத்ததும் தரை மெத்தை மாதிரி எழும்புகிறது. பின்னால் மேப்பிள் மரம் பச்சைப் பசேலென்று நிற்கிறது. ராத்திரியில் எடுத்திருக்கலாம். இல்லையா, நீள லென்ஸ் போட்டுப் பின்னணியை மங்கலாக்கியிருக்கலாம். அதுவும் இல்லையா, சீரியல் லைட் சுற்றிய நாலு மரத்தைக் குறுக்கே நிறுத்தி மறைத்திருக்கலாம். இதற்கெல்லாம் கோடி வேண்டாம்.

அப்புறம் அந்தக் காபிக் கப். காலிக் கப்பை விசிறி மாதிரி ஆட்டிக்கொண்டே அழுகிறாள். உள்ளே கொஞ்சம் தண்ணீர் ஊற்றியிருந்தால் கை தானாகக் கனத்தைக் காட்டியிருக்கும். தண்ணீருக்குமா பட்ஜெட் இல்லை?

எழுத்து இன்னும் மோசம். இரண்டு மணி நேர ஸ்லாட்டில் கதைக்குக் கிடைப்பது 84 நிமிடம் போல. மீதி விளம்பரம். ஒவ்வொரு விளம்பரத்துக்கு முன்னும் ஒரு கொக்கி போட வேண்டும். பாதியில் யாரோ கதவைத் தட்டிக் கெடுக்கும் முத்தம், கடைசிக் கால்மணிக்கு முன் ஒரு பிரிவு என்று அதற்கெல்லாம் கணக்கு உண்டு. நேற்று அந்தப் பிரிவுக்கு என்ன காரணம்? அவள் போனில் பேசியதில் பாதியைக் கேட்டுவிட்டு அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறான். பழைய உத்திதான், தப்பில்லை. ஆனால் அவன் ஏன் நின்று ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பதற்கு முதல் அரைமணியிலேயே விதை போட்டிருக்க வேண்டாமா? முன்பு ஒருத்தி இப்படித்தான் சொல்லாமல் நகரத்துக்குப் போனாள் என்று ஒற்றை வசனம் போதுமே. அதைத்தான் கேட்டேன். லாஜிக் இல்லை, கைவேலை.

"பெண்கள் பார்க்கிற படம் என்றால் இளப்பமா?" என்று ஒரு தோழி. நேற்று 'ஆன்ட்டி படம்' என்று எழுதியது என் தப்பு, திருத்திவிட்டேன். ஆனால் யோசித்துப் பாருங்கள், இளப்பமாக நினைத்தது நானா, பஞ்சை விரித்தவர்களா? அமெரிக்காவின் ஹால்மார்க் சானல் 2009-ல் 'கவுன்ட்டவுன் டு கிறிஸ்மஸ்' என்ற பெயரில் இந்தப் படங்களை வரிசையாகப் போட ஆரம்பித்தது. இப்போது அக்டோபரிலேயே தொடங்கிவிடுகிறார்கள். மற்ற சானல்களும் கடை விரித்தாயிற்று. இத்தனை வருடக் கைப்பழக்கத்துக்குப் பிறகும் இப்படி எடுத்தால், 'இவங்களுக்கு இது போதும்' என்று யாரோ முடிவு செய்திருக்கிறார்கள் என்றுதானே அர்த்தம்?

கமெண்டில் வந்த அக்கா ஒருவர் நர்ஸ். டிசம்பர் முழுக்க நைட் டியூட்டி. வீட்டுக்கு வந்து சாய்ந்ததும் போடுவது இந்தப் படங்களைத்தான். "முத்தம் வர்றதுக்கு முன்னாடியே தூங்கிட்டேன் தம்பி, கடைசியில சேர்ந்தாங்களா?" என்று கேட்டிருந்தார். அதற்கு ஒருவர் சிரிப்பு எமோஜி போட்டிருக்கிறார். அவரை பிளாக் செய்தாயிற்று.

சேர்ந்தார்கள் அக்கா. பஞ்சு மேல் நின்றுதான்.