பெயரை விடுங்கள், அந்த 60 நாளைப் பற்றிப் பேசுங்கள்

நேற்று இரவு டிவியில் அந்த விவாதத்தைப் பார்த்தவர்களுக்கு நான் எதைச் சொல்கிறேன் என்று தெரியும். காந்தி பெயரில் இருந்த நூறு நாள் வேலைச் சட்டத்தை எடுத்துவிட்டு, சுருக்கமாக 'விபி-ஜி ராம் ஜி' என்று ஒரு புதுச் சட்டம் கொண்டுவந்திருக்கிறார்கள். நான்கு பேர் உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேசியது முழுக்கப் பெயரைப் பற்றி. காந்தி பெயரை ஏன் எடுத்தீர்கள், ராம் என்று வந்தால் உங்களுக்கு ஏன் எரிகிறது, திரும்பத் திரும்ப இதுவேதான்.

எங்கள் ஊரில் அந்தத் திட்டத்தின் முழுப் பெயரை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. 'நூறு நாள் வேலை', அவ்வளவுதான். 2005-ல் சட்டம் வந்தபோது காந்தி பெயரே அதில் கிடையாது, 2009-ல்தான் சேர்த்தார்கள்.

பழைய சட்டத்தில் கூலிப் பணம் முழுவதும் மத்திய அரசு தர வேண்டும். இனி செலவில் நூற்றுக்கு நாற்பதை நம் மாநில அரசு போட வேண்டும். அந்த நாற்பது எங்கிருந்து வரும்? நாள் கணக்கு 125 ஆகிறது, சரி, நல்லதுதான். ஆனால் விதைப்பு, அறுவடைக் காலத்தில் மொத்தம் 60 நாள் வேலை கிடையாது என்றும் அதே சட்டத்தில் இருக்கிறதே, எந்த 60 நாள் என்று கேட்க அங்கே ஒரு ஆள் இல்லையா? நெறியாளருக்காவது தோன்ற வேண்டாமா?

'காந்தியை எடுப்பது சின்ன விஷயமா' என்று வருவீர்கள். இல்லை, எனக்கும் வலிக்கிறது. அதைப் பத்து நிமிஷம் பேசுங்கள், மீதி நேரம் கூலியைப் பேசுங்கள் என்றுதான் சொல்கிறேன்.

இதை நேற்றே எழுதியதற்கு 'நீ எந்தக் கட்சி' என்று மூன்று பேர் கேட்டார்கள். என்னோடு பள்ளியில் படித்தவன், எங்கள் வீட்டில் சாப்பிட்டு வளர்ந்தவன், 'மரத்தடியில் உட்கார்ந்து சம்பளம் வாங்குகிறவர்களுக்கு இவ்வளவு வக்காலத்தா' என்று எழுதியிருந்தான். அந்த மரத்தடியில் என் அம்மாவும்தான் உட்கார்ந்திருப்பார். 62 வயது. ஏரிக்கரையில் மண் சுமந்து ஏறி இறங்கியவர் கொஞ்சம் மூச்சு வாங்க உட்காரக் கூடாதா? வேலை செய்து 15 நாளுக்குள் கூலி தர வேண்டும் என்பது சட்டம். 2025 பொங்கலுக்கு அம்மாவுக்குக் கூலி வரவில்லை. மூன்று தடவை வங்கிக்குப் போய் பாஸ்புக் பதிந்து பார்த்துவிட்டு வெறுங்கையோடு வந்திருக்கிறார். என்னிடம் கேட்கக் கூச்சப்பட்டுப் பக்கத்து வீட்டில் கைமாற்று வாங்கித்தான் பச்சரிசி வாங்கினார். எனக்கு அது மாசியில்தான் தெரிந்தது. உட்கார்ந்து சாப்பிடுகிறவர்களாம்.

இன்று காலை போனில் அம்மா கேட்டார்: "ஏம்ப்பா, நடவு நேரத்துல வேலை கிடையாதாமே? ஏரி நிரம்பாத வருஷம் நம்ம ஊர்ல நடவே இல்லையே, அப்பவும் நிறுத்திடுவாங்களா?"

ஒரு மணி நேரம் விவாதம் பார்த்தும் அம்மாவுக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை.