வராதவர்களின் பட்டியல்

முக்கூடல் பக்கம் பீடி சுற்றியே பிள்ளைகளைக் கரையேற்றிய எங்கள் ஆச்சிக்குப் பத்தாண்டுகளாக இரத்தக் கொதிப்பும் சர்க்கரையும் உண்டு. மஞ்சப்பையில் அவர் வைத்திருக்கும் நாற்பது பக்க நோட்டைப் புரட்டினால் 140/90, 150/90, 140/80 என்று எல்லா எண்களும் சுழியத்தில்தான் முடியும். கருவி காட்டியதை அப்படியே எழுதியிருந்தால் நடுவில் ஒரு 147 கூடவா வந்திருக்காது?

இப்போது ஆரம்ப சுகாதார நிலையத்தில் கணினி இருக்கிறது. ஒருவரின் மருத்துவப் பதிவுகளை ஒன்றாக இணைப்பதற்கென்று 2021 செப்டம்பரில் நாடு முழுவதற்கும் வந்த ஆபா அடையாள எண்ணும், பதினான்கு இலக்கங்களோடு, ஆச்சிக்கு இருக்கிறது. ஆனாலும் மருத்துவர் முன் போய் உட்கார்ந்தால் "போன மாசம் எவ்வளவு இருந்துச்சு, ஆச்சி?" என்ற கேள்விதான் வருகிறது. ஆச்சி நோட்டை நீட்டுகிறார். கணினிக்குள் போன எண்கள் மேலே மாவட்டத்துக்கும் சென்னைக்கும் அறிக்கையாகப் போய்ச் சேர்கின்றனவே தவிர, சிகிச்சை தருபவரின் கண்ணுக்குத் திரும்பி வருவதில்லை. எனக்குத் தெரிந்த கிராம சுகாதார செவிலியர் ஒருவர், "ஆளைப் பாக்குற நேரத்தைவிட என்ட்ரி போடுற நேரந்தான் கூட, அண்ணே" என்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பதிவேட்டின் உண்மையான பயன், வந்தவரை எண்ணுவதில் இல்லை, வராதவரைக் காட்டுவதில்தான் இருக்கிறது என்பது என் கருத்து. வேல்ஸ் நாட்டில் கிளின்கோரக் என்ற சுரங்கத் தொழிலாளர் கிராமத்தில் மருத்துவராக இருந்த ஜூலியன் டியூடர் ஹார்ட், கணினி எட்டிப் பார்க்காத காலத்திலேயே, தானாக வராதவர்களையும் விடாமல் தேடிப்பிடித்து, ஏறத்தாழ ஊர் முழுவதற்கும் இரத்த அழுத்தம் பார்த்தார். பிரிட்டன் 2004-இல் ஒரு படி மேலே போய், கணினிப் பதிவுகளிலிருந்து எடுத்த அளவுகோல்களின்படி குடும்ப மருத்துவர்களுக்கு ஊதியத்தின் ஒரு பகுதியைக் கொடுக்கத் தொடங்கியது. சர்க்கரை, ஆஸ்துமா நோயாளிகளுக்கான கவனிப்பு முதலில் மேம்பட்டது, பிறகு அந்த வேகம் தணிந்தது. தனக்குப் பழக்கமான மருத்துவரையே தொடர்ந்து பார்க்கும் வாய்ப்பும் நோயாளிகளுக்குக் குறைந்தது. பணத்தை எண்ணோடு கட்டினால் எண்தான் முந்திக்கொண்டு ஓடும்.

நம்மிடமே நல்ல முன்மாதிரி இருக்கிறது. கர்ப்பிணியைப் பிக்மி என்ற அரசின் தாய்-சேய் கணினிப் பதிவேட்டில் பதிந்துவிட்டால், தவணை தவறும்போது செவிலியர் வீட்டு வாசலுக்கு வந்துவிடுகிறார். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் மாத்திரையை வீட்டுக்கே கொண்டு வருகிறது. அது பெரிய காரியம், அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் மாத்திரை கொடுத்த கணக்கும், அழுத்தம் குறைந்ததா என்ற கணக்கும் வேறு வேறு.

ஆச்சி இந்த ஆண்டு பேத்தியின் பிரசவத்துக்காகச் சுரண்டையில் மூன்று மாதம் தங்கினார். 2019-இல் தென்காசி தனி மாவட்டமானதிலிருந்து சுரண்டை எங்களுக்கு வேற்று மாவட்டம். கொண்டுபோன மாத்திரை ஒரே மாதத்தில் தீர்ந்தது. அப்புறம் மெடிக்கலில் கேட்டு எதையோ வாங்கிப் போட்டிருக்கிறார். கால் வீங்கித் திரும்பியபோது மேல் அழுத்தம் 190-ஐத் தாண்டியிருந்தது.

நான் கேட்பது புதிய செயலி அல்ல. இரண்டு மாதமாக அழுத்தமோ சர்க்கரையோ பார்க்கப்படாதவர்களின் பெயர்களை, திங்கட்கிழமை காலையில் ஒரே தாளில் அச்சிட்டுச் செவிலியர் கையில் கொடுக்கட்டும். பதிலுக்கு, அவர் எழுதும் மற்றப் பதிவேடுகளில் இரண்டையாவது நிறுத்தட்டும். அப்படி ஒரு தாள் இருந்திருந்தால், கால் வீங்குவதற்கு முன்பே ஆச்சியின் பெயர் அதில் ஏறியிருக்கும்.