அறுத்து முடித்த பிறகு வருகிறார்கள்

போன மாதம் தாவரவியல் ஆராய்ச்சி மாணவி ஒருவர் பென்டிரைவோடு புள்ளியியல் துறையில் இருக்கும் என் அறைக்கு வந்தார். பாசிக் கரைசல் தெளித்தால் தக்காளி நாற்று வேகமாக வளர்கிறதா என்று எட்டு மாத வேலை. "பி மதிப்பு மட்டும் பார்த்துச் சொல்லிடுங்க சார்" என்றார். கரைசலுக்கு எந்தப் பலனும் இல்லாவிட்டாலும் இவ்வளவு வித்தியாசம் தற்செயலாக வர எவ்வளவு வாய்ப்பு என்று சொல்லும் எண் அது. எக்செல் கோப்பு அத்தனை சுத்தம். தொட்டிகளை எப்படி அடுக்கினீர்கள் என்று கேட்டேன். தெளித்ததெல்லாம் ஜன்னலோர பெஞ்சில், தெளிக்காததெல்லாம் கதவுப் பக்கம்.

வளர்த்தது கரைசலா, வெயிலா? எந்த மென்பொருளாலும் இனி பிரித்துச் சொல்ல முடியாது. முதல் நாளே சீட்டுக் குலுக்கிப் போட்டு இடம் ஒதுக்கியிருந்தால் பத்து நிமிட வேலை. அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்கவே சங்கடமாக இருந்தது.

ஆங்கிலேயப் புள்ளியியலாளர் ரொனால்ட் ஃபிஷர் 1938-ல் கல்கத்தா புள்ளியியல் மாநாட்டிலேயே சொன்னதுதான்: சோதனை முடிந்தபின் புள்ளியியல்காரரைக் கூப்பிடுவது பிரேதப் பரிசோதனைக்குக் கூப்பிடுவது மாதிரி, எதனால் செத்தது என்று வேண்டுமானால் அவர் சொல்லலாம். அறைக்குள் உட்கார்ந்து வந்த ஞானம் இல்லை இது. 1919-ல் இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் சேர்ந்து, பல பத்தாண்டு கோதுமை விளைச்சல் கணக்குகளோடு மல்லுக்கட்டியவர். எந்தப் பாத்திக்கு எந்த உரம் என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்யும் யோசனை அங்கேதான் வளர்ந்தது. நம்ம நாட்டுப் புள்ளியியலாளர் மகலனோபிஸும் அப்படித்தான். இயற்பியல் பேராசிரியராக இருந்தவர். விலங்கியலாளர் அனண்டேல் கல்கத்தா ஆங்கிலோ இந்தியர்களின் உடலை அளந்து வைத்திருந்த கணக்கைக் கையில் எடுத்தார். 1936-ல் அவர் முழு வடிவம் கொடுத்த 'மகலனோபிஸ் தூரம்' அந்த வழியில் வந்தது. பல அளவுகளைச் சேர்த்துப் பார்த்து இரண்டு கூட்டங்கள் எவ்வளவு வேறுபடுகின்றன என்று சொல்லும் கணக்கு அது. இன்று டேட்டா சயின்ஸ் பிள்ளைகள் ஒரே வரி நிரலில் அதைக் கூப்பிடுகிறார்கள், அளக்கப்பட்ட அந்த மனிதர்கள் ஞாபகத்துக்கு வராமலே.

சரி, தப்பெல்லாம் கடைசியில் வருகிற ஆராய்ச்சியாளர்கள் பக்கம்தானா? புள்ளியியல்காரர்கள் நாங்கள் எத்தனை பேர் வயலில் இறங்கியிருக்கிறோம்?

பயிர் அறுவடைப் பரிசோதனையை, அதாவது விளைச்சலைக் கணிக்க வயலில் ஒரு சதுரத்தை மட்டும் அறுத்து எடை போடுவதை, ஒருமுறை நேரில் பாருங்கள். நெல்லுக்கு ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் சதுரம். நாலு மூலையிலும் முளைக்குச்சி, சுற்றிக் கயிறு. கயிற்றுக்கு அடியிலேயே ஒரு குத்து நிற்கும். உள்ளேயா, வெளியேயா? அரிவாள் வைத்திருப்பவரின் கை தானாகவே அதை உள்ளே இழுத்துக்கொள்ளும். ஒரு மீட்டர் சதுரமென்றால் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் 4 மீட்டர் ஓரம் வரும். ஐந்து மீட்டர் சதுரத்தில் அது 0.8 மீட்டர்தான். அதனால் சதுரம் சின்னதாக ஆக ஆக விளைச்சல் பொய்யாக ஏறும். 1940-களில் புள்ளியியலாளர் சுகாத்மே இதைச் சொல்லித்தான் சின்னப் பாத்திகளை எதிர்த்து வாதாடினார். அந்தக் கையைப் பார்க்காதவருக்கு இந்தப் பிழை சூத்திரத்தில் தெரியாது.

நம் கல்லூரிகளில் 'பல்துறை ஒத்துழைப்பு' என்றால் ஒரு கருத்தரங்கு, பொன்னாடை, குரூப் போட்டோ. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அவரவர் துறைக்குப் போய்விடுவோம். எனக்கு அதில் சுத்தமாக நம்பிக்கை இல்லை. முனைவர் பட்டக் குழுவின் முதல் கூட்டத்திலேயே ஒரு புள்ளியியல்காரர் உட்காரட்டும், அது போதும். அப்புறம், ஆறு மாதம் கூடவே உழைத்தவருக்குக் கட்டுரையின் கடைசியில் ஒரு நன்றி வரி போடும் வழக்கத்தையும் விட்டுவிடலாம். பதவி உயர்வுப் புள்ளிக் கணக்கில் நன்றி வரிக்கு ஒரு மதிப்பும் கிடையாது.

அந்த மாணவி திரும்பச் செய்கிறார். நேற்று போயிருந்தேன். 48 தொட்டி, துண்டுச் சீட்டு, எல்லாம் தயார். கலைத்து அடுக்கச் சொன்னேன். அவர் தயங்கிவிட்டுக் கேட்டார்: "தெளிக்கிறப்ப பக்கத்துத் தொட்டி மேலயும் சாரல் விழுமே சார்? அதுக்குத்தான் தள்ளித் தள்ளி வெச்சோம்."

எனக்கு அது தோன்றவே இல்லை. தெளிக்கிற நாளில் மட்டும், கரைசல் தெளிக்க வேண்டிய 24 தொட்டிகளை வராந்தாவுக்குத் தூக்கிப்போய், இலை காய்ந்ததும் பழைய இடத்திலேயே வைப்பது என்று முடிவாயிற்று. வெள்ளிக்கிழமை தூக்கப் போகிறோம். முதுகுவலிதான் என்ன சொல்லுமோ.