கேபிள் இல்லாத கணினியையும் நட் அணைக்கும்

யுபிஎஸ்ஸைக் கண்காணிக்கும் மென்பொருளான நெட்வொர்க் யுபிஎஸ் டூல்ஸ், அதாவது நட், யுபிஎஸ்ஸிலிருந்து யுஎஸ்பி கேபிள் செருகியுள்ள கணினியை மட்டுமே மின்தடையின்போது முறையாக அணைக்கும் என்று சிலர் சொல்கிறார்கள். அப்படி இல்லைங்க. பெயரிலேயே நெட்வொர்க் இருக்கிறதே!

கேபிள் உள்ள கணினியில், யுபிஎஸ் நிலவரத்தை மற்றவற்றுக்குச் சொல்லும் யுபிஎஸ்டி என்ற பின்னணி நிரல் ஓடுகிறது. அதே யுபிஎஸ்ஸில் மின்சாரம் எடுக்கும் மற்றக் கணினிகளில், நிலவரத்தைக் கவனித்துக் கணினியை அணைக்கும் யுபிஎஸ்மான் என்ற நிரல் இருந்தால் போதும், கேபிள் வேண்டாம். 3493-ஆம் போர்ட் வழியாக அவை நிலவரம் கேட்டுக்கொள்ளும். குழப்பம் எங்கே வருகிறது என்றால், யுபிஎஸ்டி இயல்பாக 127.0.0.1-இல், அதாவது அதே கணினிக்குள்ளிருந்து வரும் அழைப்புக்கு மட்டுமே காது கொடுக்கும். வெளியிலிருந்து போனால் இணைப்பு மறுக்கப்படும். அதன் அமைப்புக் கோப்பில் லிசன் (LISTEN) வரியில் அந்தக் கணினியின் லேன் (உள் நெட்வொர்க்) முகவரியைச் சேர்த்து யுபிஎஸ்டியை ரீஸ்டார்ட் செய்யுங்கள். ரீலோட் (நிறுத்தாமல் அமைப்பை மறுபடி படிக்க வைப்பது) மட்டும் செய்தால் இந்த மாற்றம் ஏறாது.

சரிபார்ப்பது சுலபம். இன்னொரு கணினியில் யுபிஎஸ் நிலையைக் காட்டும் யுபிஎஸ்சி கட்டளையை (தேர்வாணையம் இல்லை!) யுபிஎஸ் பெயர், அட் குறி, சர்வர் முகவரி சேர்த்து ஓட்டுங்கள். கடவுச்சொல் கேட்காது. நிலை வரியில் ஓஎல் (OL, சுவர் மின்சாரத்தில் ஓடுகிறது) என்று தெரியும். சுவர் பிளக்கைப் பிடுங்கிச் சில நொடி கழித்துப் பார்த்தால் ஓபி (OB, பேட்டரியில் ஓடுகிறது) ஆகியிருக்கும். அப்புறம், கணினிகளை இணைக்கும் நெட்வொர்க் ஸ்விட்சும் யுபிஎஸ்ஸில் இருக்கட்டும்; மின்தடையில் அது அணைந்தால் நிலவரம் போய்ச் சேராது.